திருகோணமலையில் நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு பாதை: எங்கே போடுவது, எதில் போடுவது?

கேள்வி இதுதான்: டச் பேயிலிருந்து உப்புவெளி வரை, கடலை ஒட்டியே, நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு பாதை வேண்டும் என்று ஒரு சனசமூக நிலையத்து இளைஞர்கள் மகஜர் தயாரிக்கிறார்கள். இன்டர்லொக் கல், கடல் பக்கம் கம்பி வேலி, வரிசையாக விளக்குக் கம்பம் என்று படமும் கீறியாயிற்று. எவ்வளவு அகலம் கேட்பது, கல்லா கொங்கிரீட்டா, வேறென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

தம்பிமார், கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள். கிழக்கில் வீதி வேலைகளோடு பல காலம் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். அகலமும் கல்லும் பிறகு. முதலில் மகஜரில் உள்ள 'கடலை ஒட்டியே' என்ற வரியை எடுத்துவிடுங்கள். பாதை கடலைப் பார்க்கலாம், இடைக்கிடை கடலோரத்துக்கு வந்தும் போகலாம். ஆனால் அது போக வேண்டிய இடம் மணலுக்குப் பின்னால், வீடுகளும் ஒழுங்கைகளும் தொடங்குகிற பக்கம்.

காரணம் சொல்கிறேன். நம் நகரம் ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல் என்று நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற நிலம். திறந்த கடல் பக்கத்தைக் கோட்டையும் கோணேசர் கோவில் நிற்கிற சுவாமி மலையும் நீட்டிக்கொண்டு நின்று இரண்டாகப் பிரிக்கின்றன. தெற்கே டச் பே, வடக்கே பேக் பே. திருக்கடலூர் தொடங்கி உப்புவெளிப் பக்கம் போகிற கரை முழுக்க வடக்குக் குடாவில் இருக்கிறது. வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் அலை நேரே வந்து அறைவது அந்தக் கரையில்தான். டச் பேக்குச் சுவாமி மலை கொஞ்சம் மறைப்பாவது கொடுக்கிறது, வடக்குப் பக்கத்துக்கு அதுவும் கிடையாது.

ஐப்பசி பிறந்ததும் கரை எப்படி ஒடுங்குகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். வாடை அலை மணலை இழுத்துக்கொண்டு போய்க் கடலுக்குள் திட்டாகப் போடும். கடல் அடங்கியபின் அதே மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். இப்படிப் போய் வருகிற மணலின் மேல் அசையாத கொங்கிரீட்டை வைத்தால், அலை அதில் மோதித் திரும்பும்போது அடியிலுள்ள மணலைத் தோண்டிக்கொண்டு போகும். முதலில் கடல்பக்க விளிம்பின் கீழே ஒரு சாண் வெளி விழும். மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வாடையில் அந்தப் பலகை முறிந்து சாயும். அதைக் காப்பாற்றப் பாறாங்கல் அணை போடுவார்கள், அணைக்குப் பக்கத்திலுள்ள கரை அரிக்கும், அங்கும் அணை கேட்பார்கள். கடைசியில் பாதைக்காகக் கடற்கரையையே இழந்திருப்போம்.

இது சாதாரண வாடையில் நடப்பது. புயல் வருடக் கணக்கு வேறு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் பக்கத்தைத் தாக்கிவிட்டுத்தான் அங்கே போனது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. 2004 டிசம்பர் 26ஐ நான் எழுதத் தேவையில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து பாதை வடிவமைப்புக்கு எடுக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடலிலிருந்து ஊருக்குள் ஓடுகிற ஒவ்வொரு குறுக்கு ஒழுங்கையும் திறந்தே இருக்க வேண்டும். பாதைக்காக எழுப்புகிற சுவரோ வேலியோ படிக்கட்டோ அந்த வாசல்களை அடைக்கக் கூடாது. வயதானவரைத் தாங்கிக்கொண்டு இரண்டு பேர் ஓடி வரக்கூடிய அகலம், படியில்லாத சரிவு, இவை ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது கரைவலை. படத்தில் கடல்பக்கம் கம்பி வேலி கீறியிருக்கிறீர்களே, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. வலை இழுப்பவர்களை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். கயிற்றை இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு, முகம் கடலைப் பார்த்தபடி, பின்புறமாகவே நடந்து ஏறுவார்கள். கரையின் மேல் எல்லைக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரோரம் இறங்கி மறுபடி கொளுவுவார்கள். எவ்வளவு தூரம் பின்னால் நடக்க முடிகிறதோ அவ்வளவு இலகு. வலை ஏறும்போது இரண்டு பக்கக் கயிறும் நெருங்கி வர, ஆட்களும் கரையோரமாக நகர்ந்துகொண்டே வருவார்கள். அந்த இடத்துக்குக் குறுக்கே ஒரு வேலி நின்றால் தொழில் முடிந்தது. வேலி இல்லாத பாதையானாலும், இறுகிய கயிறு முழங்கால் உயரத்தில் குறுக்கே கிடக்கும் நேரத்தில் சைக்கிளில் வருகிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வள்ளம் இழுத்து ஏற்றுகிற இடம், வாடி, வலை காய்கிற இடம், கருவாடு காய்கிற இடம் எல்லாம் அதே மணல்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து தொழிலுக்கு வருகிறவர்களும் சேர்வார்கள். ஆகவே வரைபடத்தோடு முதலில் போக வேண்டிய இடம் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். எந்தச் சம்மாட்டியின் (வலை முதலாளியின்) பாடு, அதாவது வலை போடும் இடம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த மாதங்களில் வலை விழும் என்பதை அவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள். அதைக் குறித்துக்கொண்ட பிறகு பாதைக் கோட்டைக் கீறுங்கள். திணைக்களங்களின் எந்த வரைபடத்திலும் இந்த விவரம் கிடைக்காது.

சரி, மணலை விட்டுவிட்டால் பாதை எங்கே போகும்? இங்கேதான் பாதை யாருக்கு என்ற கேள்வி வருகிறது. பின்னேரம் காற்று வாங்க வருகிறவர்களுக்கும் விடுமுறையில் வருகிற உல்லாசப் பயணிகளுக்கும் மட்டும் என்றால் ஒரு கிலோமீற்றர் கடலோர நடைபாதை போதும். ஆனால் நம் ஊரில் சைக்கிள் ஓடுகிறவர்கள் யார்? ஏழரை மணிப் பள்ளிக்கூட மணிக்கு ஓடுகிற பிள்ளைகள். கரியரில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிற வியாபாரிகள். கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். கோவிலுக்குப் போகிற வயதானவர்கள். இவர்கள் எல்லோரும் இன்றைக்கு பஸ், டிப்பர், ஓட்டோ நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். இவர்களுக்கு வேண்டியது வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் சந்தையையும் ஆஸ்பத்திரியையும் பஸ் நிலையத்தையும் தொடுகிற பாதை. ஆகவே முதுகெலும்பு ஊருக்குள்ளே, கடற்கரைக்குச் சமாந்தரமாகப் போகட்டும். கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் அதிலிருந்து கிளைகளாகப் பிரியட்டும். நாலைந்து கிலோமீற்றர் தூரத்தில் கடல் திறந்து தெரிகிற இடம் ஐந்தாறு கிடைத்தாலே மனம் நிறையும்.

டச் பே பக்கத்தில் கரைக்குக் கிட்டவே ஏற்கெனவே வீதி இருக்கிறது. அங்கே புதிதாக நிலம் தேடவே வேண்டாம். வாகனத்தின் வேகத்தைக் குறைத்து, தரித்து நிற்கும் வாகனங்களை ஒழுங்குபடுத்தினால் வீதிக்குள்ளேயே பாதை கிடைக்கும். பாண்டிச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வாகனத்துக்கு மூடிவிடுகிறார்கள். ஒரு மூட்டை சீமெந்து செலவில்லாமல் ஊருக்கே நடைபாதை கிடைத்துவிடுகிறது. நம் ஊரிலும் ஞாயிறு காலை சில மணி நேரம் இப்படிச் செய்து பார்க்கச் சொல்லி மகஜரில் கேளுங்கள். சனம் வருகிறதா, கடைக்காரர் என்ன சொல்கிறார்கள், வாகனம் எந்த வழியால் சுற்றுகிறது என்பதெல்லாம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கோட்டைக்குள் பாதையைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இராணுவம் இருக்கிறது, தொல்பொருள் சட்டம் இருக்கிறது, மேலே கோணேசர் கோவில் வரை ஏற்றமும் இருக்கிறது. கோட்டை வாசலுக்கு வெளியே நிழலோடு ஒரு சைக்கிள் தரிப்பிடம், தண்ணீர்க் குழாய், உட்கார ஒரு கட்டு, இவ்வளவும் போதும். அங்கிருந்து கோவிலுக்கு நடந்து போவது நம் சனத்துக்குப் பழக்கம்தான்.

அனுமதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். நீங்கள் கேட்கிற பாதையில் பெரும்பங்கு இதற்குள் வரும். கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் பதிக்க முடியாது. நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் பெரிய வீதியைத் தொடுகிற இடங்களில் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்க வேண்டும். நகர எல்லைக்குள் ஒரு சபை, உப்புவெளிப் பக்கம் போனால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். பாதை ஒன்று, கூட்டுகிறவர்கள் இரண்டு சபை என்றால் எல்லைக் கல்லடியில் குப்பை சேரும்.

இப்போது அகலம். கைபிடி முனையிலிருந்து முனைக்கு ஒரு சைக்கிள் ஏறக்குறைய 60, 65 சென்ரிமீற்றர். ஆனால் ஓடும்போது யாரும் நூல் பிடித்தது மாதிரி ஓடுவதில்லை. ஆட்டத்தையும் சேர்த்தால் ஒருவருக்கு 1.2 மீற்றர் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் கதைத்துக்கொண்டு நடக்கிற இருவருக்கும் அதே 1.2. ஆக, நடக்கும் சோடி ஒன்று, அவர்களைக் கடக்கும் சைக்கிள் ஒன்று, எதிரே வரும் சைக்கிள் ஒன்று என்றால் 3.6 மீற்றர். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினரின் வழிகாட்டியில் நடையும் சைக்கிளும் சேர்ந்த பாதைக்குக் குறைந்தது 3 மீற்றர் என்றும், வழியே இல்லாத குறுகிய இடத்தில் மட்டும் 2.4 வரை இறங்கலாம் என்றும் இருக்கிறது. நீங்கள் 3.5 கேளுங்கள், 3க்குக் கீழே சம்மதிக்காதீர்கள். இரண்டு பக்கமும் 60 சென்ரிமீற்றர் வெறும் நிலம் வேண்டும். கம்பமோ மரமோ மதிலோ அதற்குள் நிற்கக் கூடாது. மதிலை ஒட்டிப் போட்ட பாதையில் அந்தப் பக்கத்து அரை மீற்றரை ஒருவரும் பாவிக்க மாட்டார்கள். கைபிடி உரசும் என்ற பயம்.

டச் பே மாதிரிப் பின்னேரம் சனம் நிறைகிற இடத்தில் சேர்ந்த பாதை சரிவராது. அங்கே இரண்டையும் பிரித்து, சைக்கிளுக்கு 2.5 மீற்றர், நடைக்கு 2 மீற்றர் என்று கேளுங்கள். வெறும் கோட்டைக் கீறிப் பிரித்தால் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நடுவில் ஒரு புல் வரியோ, காலுக்குத் தெரிகிற வேறு கல் வரியோ இருக்கட்டும். கண் தெரியாதவரின் தடிக்கும் அது பிடிபடும்.

வளைவு, ஏற்றம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நம் பக்கம் பெரும்பாலும் சமநிலம். ஏற்றம் இருபதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது, சக்கர நாற்காலிக்கும் அதுதான் சௌகரியம். வளைவை 10 மீற்றர் ஆரைக்குக் குறையாமல் எடுத்தால் பள்ளிப் பிள்ளை ஓடுகிற வேகத்துக்குப் போதும்.

அடுத்தது நீங்கள் ஆவலோடு கேட்டது: இன்டர்லொக் கல்லா, கொங்கிரீட்டா, காபட்டா (தார்க் கலவையா)?

இன்டர்லொக் கல்லுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. குழாய் போடத் தோண்டினால் கழற்றித் திரும்பப் பதிக்கலாம். ஊரில் கிடைக்கும், ஊர் ஆட்களே பதிப்பார்கள். ஆனால் கல் மணல் படுக்கையில்தான் இருக்கிறது. விளிம்பில் போட்ட கட்டு ஒரு விரல் அசைந்தால் போதும், மாரி மழைக்கு அடியிலுள்ள மணல் அந்த வழியால் ஒழுகிவிடும். கல் ஒவ்வொன்றாகத் தாழும். நடக்கிறவர் தாண்டிப் போவார், சைக்கிளின் முன்சக்கரம் மாட்டும். கல்லின் விளிம்புச் சரிவுகள் ஒவ்வொன்றிலும் சக்கரம் தட்டிக்கொண்டே போவதால் கைக்கு அதிர்வும் வரும். ஆகவே பிரித்துப் போடுகிற நடைப்பகுதிக்கும், கீழே குழாய்கள் ஓடுகிற இடத்துக்கும் கல்லை வையுங்கள். சைக்கிள் ஓடுகிற பகுதிக்கு வேண்டாம்.

காபட் ஓடுவதற்குச் சுகம். ஆனால் இவ்வளவு ஒடுங்கிய பாதையில் அதன் விளிம்பு உதிரும். அத்தோடு கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கிற மாதங்களில் கறுப்புத் தரை பிடிக்கிற சூட்டில் வெறுங்காலோடு கோவிலுக்கு நடக்கிறவர் என்ன செய்வார்? வெளிறிய கொங்கிரீட் அவ்வளவு சூடு பிடிக்காது.

நான் கேட்கச் சொல்வது கொங்கிரீட், அதுவும் கம்பி இல்லாத கொங்கிரீட். பல பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். கம்பி போட்டால் உறுதி என்பது வீட்டுக் கூரைக்குச் சரி. கடலோரத்தில் தரையோடு கிடக்கிற பலகைக்குள் உப்பு இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதின துரு கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பழைய கட்டடங்களின் தூண்களில் சீமெந்து பாளம் பாளமாக விழுந்து சிவந்த கம்பி தெரிகிறதே, அதேதான். நடையும் சைக்கிளும், எப்போதாவது ஒரு குப்பை உழவு இயந்திரமும் போகிற பாதைக்குக் கம்பியே தேவையில்லை. 125 மில்லிமீற்றர் தடிப்பு, கீழே 150 மில்லிமீற்றர் ஏ.பி.சி. (அடித்தளச் சல்லிக் கலவை) இறுக்கிப் போட்டு, அதற்கும் மணலுக்கும் நடுவே மண் பிரிக்கும் துணி. அந்தத் துணி இல்லாவிட்டால் கல் மணலுக்குள் மெல்ல மெல்லப் புதைந்துவிடும்.

கம்பி இல்லையென்றால் வெடிக்காதா? வெடிக்கும். எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். 3 மீற்றருக்கு ஒரு வெட்டு, தடிப்பில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று ஆழத்துக்கு. அந்த வெட்டை வாளால் அறுக்கச் சொல்லுங்கள், ஈரமாக இருக்கும்போது கரண்டியால் கோடு இழுக்க விடாதீர்கள். அறுத்த வெட்டு ஒரு சில மில்லிமீற்றர் அகலம்தான், சக்கரத்துக்குத் தெரியாது. கரண்டிக் கோட்டின் உருண்ட விளிம்போ மூன்று மீற்றருக்கு ஒருமுறை முதுகில் தட்டும். அறுக்கிற நேரமும் முக்கியம். காலையில் ஊற்றினால் அன்றைக்குப் பின்னேரமோ இரவோ அறுத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கொங்கிரீட் தானே ஒரு கோணல் வெட்டை எடுத்துக்கொள்ளும்.

ஊற்றுகிற மாதத்தையும் பாருங்கள். மாரியில் வேலை ஓடாது, ஆகவே கச்சான் காலத்தில்தான் ஊற்றுவார்கள். அந்த வறண்ட காற்றில் மேற்பரப்பு ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்து மெல்லிய கீறல்கள் விழும். விடியற்புறம் ஊற்றி, உடனே மூடி, ஏழு நாள் ஈரச்சாக்கு காயாமல் பார்க்க வேண்டும். ஏழு நாள் என்று ஒப்பந்தத்தில் எல்லாரும் எழுதுவார்கள். மூன்றாம் நாள் போய் சாக்கைத் தொட்டுப் பார்ப்பவர் யார் என்பதுதான் கேள்வி, அதை உங்கள் சனசமூக நிலையம் செய்யலாம். கடற்கரை மணலையோ உவர்க் கிணற்றுத் தண்ணீரையோ கலவைக்குப் பாவிக்க விடாதீர்கள். மேற்பரப்பைப் பளபளவென்று தேய்க்காமல், பாதைக்குக் குறுக்காகத் தும்புத்தடியால் இழுத்து விட்டால் மழையில் வழுக்காது.

இரும்பு விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். கடல் காற்றில் முதலில் போவது ஆணியும் நட்டும்தான். வாங்கு பார்வைக்கு நன்றாக இருக்கும், உட்கார்ந்தால் சாயும். பாதை பக்கத்து நிலத்தை விட உயர்ந்து சரிவு விழுகிற இடத்தில் மட்டும் கைபிடி வேலி வையுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் சூட்டில் துத்தநாகம் பூசின இரும்பு, அல்லது துருப்பிடிக்காத உருக்கில் 316 வகை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 304 கடல் தெறிக்கிற இடத்தில் பழுப்புப் புள்ளி விழும். வாங்குக்குக் கருங்கல், கொங்கிரீட் கட்டு போதும்.

விளக்கு வேண்டும், முக்கியமாகப் பெண்கள் இரவில் வேலை முடிந்து வருகிற பகுதிகளில். ஆனால் கடலைப் பார்த்து எரிகிற வெள்ளை விளக்கு வேண்டாம். முட்டையிட வருகிற ஆமையும் பொரித்து இறங்குகிற குஞ்சும் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறும். தாழ்ந்த கம்பம், மேலே மூடி, மஞ்சள் கலந்த ஒளி, தரையை மட்டும் பார்க்கிற மாதிரி. வலைக்காரருக்கும் அதுதான் நல்லது.

அலங்கார விளக்குக்கு ஒதுக்குகிற காசில் பாதியை நிழலுக்குக் கேளுங்கள். நம் கரை கிழக்கைப் பார்த்தது. நண்பகல் தாண்டினால் வெயில் நிலப்பக்கமிருந்து வரும். ஆகவே மரங்களைப் பாதையின் மேற்குப் பக்கம் வைத்தால் பின்னேர நிழல் பாதை மேல் விழும், கடலும் மறையாது. ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரை மணிக்கு வெயில் ஏறக்குறைய தலைக்கு மேல். அந்த நேரத்துக்குக் கிளை பாதைக்கு மேலே விரிய வேண்டும். பூவரசு உப்புக்காற்றைத் தாங்கும், போத்து வெட்டி நட்டாலே பிடிக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி வேம்பு. புன்னையும் கடற்கரை மரம்தான், நிழலும் அருமை. ஆனால் பாதைக்கு நேர் மேலே வேண்டாம், அதன் உருண்டைக் காய்கள் சைக்கிள் சக்கரத்துக்கடியில் உருளும். ஒரு மூன்று மீற்றர் தள்ளி நடுங்கள். சவுக்கு வேகமாக வளரும் என்பதற்காக அதையே வரிசையாக வைக்காதீர்கள், புயலில் வேரோடு சாயும். கடல்பக்க மணல் மேட்டில் மரமே வேண்டாம். அங்கே இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் தாமாகவே மணலைக் கட்டிப் பிடிக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. துப்புரவு என்ற பெயரில் அதைச் செதுக்கி எறியாமல் விட்டாலே பெரிய உதவி.

அந்தக் கொடி இல்லாத இடத்தில் வாடைக்காற்று மணலைப் பாதைக்கு ஏற்றும். ஒரு விரல் கனத்தில் படிந்த மணல் நடக்கிறவருக்கு ஒன்றுமில்லை. சைக்கிளில் வந்து வளைவில் திருப்புகிறவருக்கு முன்சக்கரம் அப்படியே வழுக்கிப் போகும். ஆகவே கடலுக்குக் கிட்டே வருகிற இடங்களில் வளைவே வைக்காதீர்கள், நேராக வந்து நேராகப் போகட்டும்.

மழைத் தண்ணீர் இன்னொரு தலையிடி. நம் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். ஊர்க் கான்கள் கடலைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. அவற்றுக்குக் குறுக்கே, கரைக்குச் சமாந்தரமாக, ஒரு சாண் உயர்த்தி நீங்கள் பாதை போட்டால் அது ஒரு அணைக்கட்டு. அந்த வருடமே பாதைக்குப் பின்னாலுள்ள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும், சனம் கோபத்தில் பாதையை உடைக்கும், உடைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கானுக்கும் மதகு, அதுவும் கூட்டித் துப்புரவாக்க ஆள் குனிந்து கையை உள்ளே விடக்கூடிய அளவில் பெரிதாக. கானே இல்லாமல் மழையில் மட்டும் தண்ணீர் ஓடுகிற பள்ளங்களும் உண்டு, அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு கார்த்திகை மாத மழையில் குடையோடு நடந்து பாருங்கள். பாதைக்குக் குறுக்குச் சரிவு நூற்றுக்கு ஒன்றரை, இரண்டுக்கு மேல் வேண்டாம்.

விபத்து நடப்பது பெரும்பாலும் பாதை வீதியைக் கடக்கிற இடத்தில். அங்கே மஞ்சள் கடவை மட்டும் போட்டு விடாமல், கடவையையே 75 முதல் 100 மில்லிமீற்றர் உயர்த்தி மேடையாகக் கட்டச் சொல்லுங்கள். வாகனம் ஏறி இறங்க வேண்டும், சைக்கிளும் சக்கர நாற்காலியும் சமமாகப் போக வேண்டும். ஹோட்டல் வாசல், கடை வாசல்களிலும் இதே விதி. வாசலுக்கு வாசல் பாதை இறங்கி ஏறினால் பிள்ளைகள் பழையபடி வீதியில்தான் ஓடுவார்கள்.

மோட்டார் சைக்கிள் உள்ளே வராமல் தடுப்பது எப்படி என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கம்பத்தை நெருக்கி நட்டால் மோட்டார் சைக்கிள் எப்படியும் புகுந்துவிடும். மீன் பெட்டிக்காரரும் சக்கர நாற்காலியும்தான் மாட்டுவார்கள். கம்பங்களுக்கு நடுவே 1.2 மீற்றர் விடுங்கள். அது ஓட்டோவைத் தடுக்கும், காரைத் தடுக்கும். மோட்டார் சைக்கிளை முதல் இரண்டு மாதம் பொலிசும் ஊராரும் சேர்ந்துதான் தடுக்க வேண்டும், அதற்கு வேறு மருந்து இல்லை. அந்தக் கம்பங்கள் கழற்றக்கூடியவையாக இருக்கட்டும். சிவராத்திரிக்குப் பின் கோணேசர் நகர்வலம் வரும் நாளில் வழி வேண்டும், அம்புலன்ஸுக்கு எந்த நாளும் வேண்டும்.

மான்களை மறந்துவிடாதீர்கள். கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து டச் பே மணலிலும் மைதானப் பக்கமும் திரிகிற புள்ளிமான்கள் நம் ஊரின் சொத்து. வலைக்கம்பி வேலி போட்டால் இரவில் பாய்ந்து கொம்பு மாட்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லாவிட்டால் பொலித்தீனைத் தின்னும். தின்று செத்த மான்களைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். மூடியுள்ள தொட்டி, அதுவும் தின்பண்டம் விற்கிற இடத்துக்குப் பத்தடிக்குள். மாடுகளும் இரவில் பகல் சூடு மிச்சமிருக்கிற கொங்கிரீட்டில் வந்து படுக்கும். விளக்கில்லாத பகுதியில் விளிம்புக்கு வெள்ளைக் கோடு அடித்தால் படுத்திருக்கிற மாடு கோட்டை மறைப்பது தூரத்திலேயே தெரியும்.

மகஜரை இனி இப்படி எழுதலாம். முழுத் தூரத்தையும் ஒரேயடியாகக் கேட்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதிகம் ஓடுகிற ஒரு துண்டை முதலில் கேளுங்கள். அது எந்தத் துண்டு என்று தீர்மானிக்க, பள்ளி நாளொன்றில் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை நாலைந்து சந்திகளில் ஆளுக்கொரு கொப்பியோடு நின்று, சைக்கிள் எத்தனை, நடக்கிறவர் எத்தனை, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று எண்ணுங்கள். பின்னேரமும் ஒருமுறை, கூட்டுறவுச் சங்கத்தார் வலை இழுக்கிற நாளில் கரையில் ஒருமுறை. பராமரிப்புக்கென்று தனி வரி ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: வாடைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறை மணல் கூட்டுவது, மாரிக்கு முன் மதகு துப்புரவு, புதிய மரங்களுக்கு இரண்டு கோடைக்குத் தண்ணீர். எல்லைக்கு இந்தப் பக்கம் எந்தச் சபை, அந்தப் பக்கம் எந்தச் சபை என்று பெயர் போட்டே எழுதுங்கள். எண்ணின கொப்பிகளை மகஜரோடு இணைத்து, ஒரு பிரதியைக் கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுத்து அவர்களின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.